கோல்யாபம்பாவில் கூட்டம் சேர்ந்த கதை

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெபக் கூடத்துக்குள் வந்தது ஒரு கோழி மட்டும்தான். அதுவும் பாட்டு ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டது.

எல்டர் பிராட்ஷா பாட்டை நிறுத்தவில்லை. நாற்பது வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்துக் கடைசி வரி வரைக்கும் பாடினான். வயது இருபது. பிறந்தது அமெரிக்காவில், யூட்டாவில். மார்மன் சபைக்கு ஆள் சேர்க்க, வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் நெஞ்சில் பெயர் வில்லையுமாகப் பெரு நாட்டு மலையேறி இந்தக் கோல்யாபம்பா ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. எல்டர் என்றால் பெரியவர். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன்களைப் பெரியவர் என்று பட்டம் கட்டி அனுப்புவது அவர்கள் சபை வழக்கம். நாம் என்ன சொல்வது?

கூட்டாளியாக வந்தவன் எல்டர் சவேத்ரா. பெருவின் கடற்கரைப் பட்டணத்துப் பையன். மலைக்குளிரில் மூன்று கம்பளிக்குள் இருந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டுவான்.

"யோவ் எல்டர், கோழியே கேக்கல. மனுஷன் கேப்பானா?" என்றான்.

பிராட்ஷா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பேசியவர் மிஷன் தலைவர் ஒபாண்டோ.

"தம்பி, காலி நாற்காலிக்கு வாடகை கட்ட சபையால முடியாது. வர்ற மாசக் கடைசி ஞாயிறு நானே நேர்ல வர்றேன். ஆள் இருந்தா கூடம் இருக்கும். இல்லேன்னா பூட்டிட்டு, நாற்காலியை லாரியில ஏத்திட வேண்டியதுதான்."

சவேத்ராவுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கூடத்தைப் பூட்டினால் கடற்கரைக்கே மாற்றிவிடுவார்கள். பிராட்ஷாவோ காலி நாற்காலிகளை மறுபடியும் எண்ணினான். அவன் அப்பா இதே வயதில் சிலிக்குப் போய் ஒரு தெருவையே சபையில் சேர்த்தவர். மகன் ஒரு நாற்காலியைக்கூட நிரப்பாமல் வீடு திரும்பினால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். அப்பாவும் சொல்லமாட்டார். அதுதான் அவனுக்குத் தாங்காது.

மறுநாள் காலையிலேயே இருவரும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. உருளைக்கிழங்கு அறுவடை, ஊர் மொத்தமும் மேட்டு வயலில் கிடந்தது.

"அப்ப வயலுக்கே போவோம்" என்றான் பிராட்ஷா.

முதலில் கண்ணில் பட்டவள் செனோபியா கோண்டோரி. ஐம்பது வயது, வட்டத் தொப்பி, மலையின் மறுபக்கம் கேட்கிற குரல்.

பிராட்ஷா பாடப்புத்தகத்தில் கற்ற ஸ்பானிஷில் ஆரம்பித்தான். "சகோதரி, தங்களிடம் ஐந்து நிமிடம் பேசலாமா?"

"தாராளமா. அந்த மண்வெட்டியைக் கையில எடுத்துக்கிட்டுப் பேசு தம்பி."

எடுத்தான். சவேத்ராவின் கையிலும் ஒன்று திணிக்கப்பட்டது. ஐந்து நிமிடம் சாயங்காலம் வரைக்கும் நீண்டது. பிராட்ஷா வெட்டிய வெட்டில் பாதிக் கிழங்கு இரண்டு துண்டு. டை மண்ணில் புரண்டது. வேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மூச்சு கிடைக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் செனோபியா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "ரெண்டு பேர் வந்தீங்க, சுமாரா உழைச்சீங்க. சொல்லுங்க, நாங்க எப்ப வரணும்?"

பிராட்ஷாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. "ஞாயித்துக்கிழமை! காலையில பத்து மணிக்கு! கூடத்துக்கு!" புத்தக பாஷை எங்கே போனதென்றே தெரியவில்லை.

"வந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்து கேட்டா போதும்."

"உக்கார்றது மட்டுமா? கொடுத்து வெச்சவங்கப்பா நீங்க" என்றாள் அவள்.

ஞாயிறு பத்து மணிக்கு செனோபியா வந்தாள். கூடவே தம்பி யூலோகியோ. அந்த மனிதர் வாயைத் திறந்து ஊரிலேயே யாரும் பார்த்ததில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் முன்வரிசையில் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்தார்கள்.

சபை வழக்கப்படி சின்னத் துண்டு ரொட்டியும் ஒரு மடக்குத் தண்ணீரும் தட்டில் வந்தன. செனோபியா ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தம்பி, இதுதான் மதியச் சாப்பாடா?"

"ஐயோ, இல்லை சகோதரி! இது வந்து..." பிராட்ஷா விளக்க ஆரம்பித்தான்.

"அப்ப சாப்பாடு எப்ப?"

வந்த ஆட்களைப் பட்டினியாக அனுப்புவதா? சவேத்ரா ஓடிப்போய் நூடுல்ஸ் வேகவைத்தான். "சோளக்கள்ளு?" என்று கேட்டாள் செனோபியா. எங்கள் சபையில் அது ஆகாது என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஊதாச் சோளத்தைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் கொடுத்து ஒருவழியாகச் சமாதானப்படுத்தினான்.

ஒரு மணிக்கு ஆராதனை முடிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சுது சகோதரி. நீங்க போகலாம்."

"ஏன், நாங்க சரியா உக்காரலையா? இன்னும் வெயில் இருக்கே!"

குரலில் இருந்த மனத்தாங்கலைக் கேட்டு பிராட்ஷா பதறிப்போனான். இப்படி ஒரு தாகத்தை அவன் அப்பாகூட சிலியில் பார்த்திருக்கமாட்டார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்று மணிக்கு மேல் சொல்ல விஷயமே இல்லாமல், சவேத்ரா தன் ஊர்க் கால்பந்து அணியின் வரலாற்றை எடுத்துவிட்டான். அதையும் அதே சிரத்தையோடு கேட்டார்கள். இருட்டியதும் திருப்தியாக எழுந்து போனார்கள்.

அதற்குள் ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. திங்கட்கிழமை விடிவதற்குள் பக்கத்து வயல்காரர் வாசலில் நின்றார். "தம்பிங்களா, என் வயலுக்கும் ஒரு நாள் வருவீங்களா?"

"சேவை செய்யத்தானே வந்திருக்கோம்!" என்று பிராட்ஷா கிளம்பினான். சாயங்காலம் அவரும் கேட்டார்: "நாங்க எப்ப வரணும்?"

அடுத்த நாள் இன்னொருவர், அதற்கடுத்த நாள் மற்றொருவர். பிராட்ஷா சளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள் நிரம்பத் தொடங்கின. சில வீடுகளிலிருந்து மாமியார், மருமகள், கொழுந்தன் என்று படையாகவே வந்தார்கள். அப்படி வந்த வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை ரொம்ப உரிமையோடு வந்து கதவைத் தட்டினார்கள். "கிளம்புங்க தம்பி, கிழங்கு நிக்குது!" விசுவாசம் வந்தால் கூச்சம் போய்விடும் என்று பிராட்ஷா எண்ணிக்கொண்டான்.

கூட்டம் பெருகப் பெருகச் சமையலும் பெருகியது. நூடுல்ஸ் கட்டுப்படியாகாமல், செனோபியாவிடமே அண்டா இரவல் வாங்கிக் கிழங்கு அவித்தார்கள். வாரம் முழுக்க வயல், ஞாயிறு முழுக்க அடுப்பும் பிரசங்கமும். சவேத்ரா நொந்துபோனான்.

"எல்டர், எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. இத்தனை பேர் வர்றாங்க, ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டாங்களா?"

"அவ்வளவு ஆழமா யோசிக்கிறாங்க" என்றான் பிராட்ஷா.

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் உறுத்தியது. அடுத்த ஞாயிறு நேரடியாகவே கேட்டுவிட்டான். "உங்கள்ல யாராவது ஞானஸ்நானம் வாங்கிக்க விரும்புறீங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அது எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்றார்.

"தண்ணியில ஒரு முங்கு. அஞ்சே நிமிஷம்!"

"அஞ்சு நிமிஷத்துக்கு யாரு துணியை நனைக்கிறது? நாங்க உக்காந்தே இருக்கோம்."

பிராட்ஷாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. மறுநாள் வயலில், மண்கட்டிகளை அடுக்கி நெருப்பு மூட்டிச் சுட்ட கிழங்கை செனோபியா உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உப்பு தொட்டு நீட்டினாள். "தின்னு தம்பி. வந்தப்ப ஈர்க்குச்சி மாதிரி இருந்தே. இப்பதான் பார்க்க ஆள் மாதிரி இருக்கே." அவன் கைக் கொப்புளங்கள் காய்த்துப்போயிருந்தன. அம்மாவை நினைத்துத் தலையணையை நனைத்ததெல்லாம் நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. படுத்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். இந்தக் கூடத்தைப் பூட்டவிடக் கூடாது, கடவுளே, இவர்களை விட்டு என்னை அனுப்பிவிடக் கூடாது என்று கிழங்கு வாயோடு வேண்டிக்கொண்டான். சந்தோஷமாக இருந்தான், அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறு வந்தது. தலைவர் ஒபாண்டோ தனியாக வரவில்லை. மனைவி, ஆலோசகர்கள், பாடகர் குழு, பட்டணத்து வாலிபர் சங்கம் என்று பேருந்து நிறைய ஆட்களோடு இறங்கினார்.

வாசலில் நின்ற செனோபியா வாயைப் பிளந்தாள். "தம்பி, இவங்கள்லாம் யாரு?"

"எல்லாரும் எங்க சபை ஆளுங்கதான் அக்கா!" சகோதரி எப்போதோ அக்காவாகியிருந்தாள்.

"அத்தனை பேருமா?"

"அத்தனை பேரும்!"

அவள் வாலிபர் சங்கத்தின் தோள்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பி, மலை அதிர ஒரு குரல் கொடுத்தாள். யூலோகியோ மேட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தார். சற்று நேரத்தில் ஊரே இறங்கி வந்தது. அடுத்த ஊரும் வந்தது. கைக்குழந்தைக்காரிகள், கோல் ஊன்றியவர்கள், நேற்றுத்தான் கல்யாணமான ஜோடி என்று ஒருவர் பாக்கியில்லை. நாற்காலி போதாமல் தரையிலும் திண்டிலும் ஜன்னலிலும் உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லை.

தலைவர் ஒபாண்டோ இரண்டு மணி நேரம் பேசினார். ஒருவரும் அசையவில்லை. நாலு மணி நேரம் பேசினார். அப்போதும் அசையவில்லை. பொழுது சாய்கிறபோது அவர் வேதத்தை மூடிவைத்தார்.

"என் ஆயுசுல இப்படி ஒரு சபையை நான் பார்த்ததில்லை. இந்தக் கூடத்தை யாரும் பூட்டப் போறதில்லை. இது என் வாக்கு! எல்டர் பிராட்ஷாவும் இங்கேயேதான் இருப்பார்!"

பிராட்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பாவுக்குத் தெருதான், தனக்கு ஊர் இரண்டு. சவேத்ராகூட, கடற்கரை போனால் போகட்டும் என்று மூக்கை உறிஞ்சினான்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் தலைவர்.

முதல் தடவையாகக் கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. யூலோகியோ எழுந்து, தொப்பியை மார்போடு அணைத்துப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, ஆளுக்கு ஆள் மாத்து வேலை செய்யறது எங்க ஊர் வழக்கம், இன்னிக்கு உங்க வேலைக்கு ரெண்டு ஊர் ஜனமும் வந்து பொழுதுக்கும் உக்காந்து குடுத்திருக்கோம், நாளைக்கு எங்க கிழங்கைத் தோண்ட நீங்க அத்தனை பேரும் விடியறதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?"