பாம்புத்தாராவுக்குக் கிடைத்த ரசிகர்கள்

ஒரு காட்டில், காடு என்றால் பெரிய காடெல்லாம் இல்லை, ஏரிக்கரையில் வெட்டாமல் மிச்சம் விட்டிருந்த கருவேல மரங்கள்தான், மாசிலாமணி என்றொரு பாம்புத்தாரா இருந்தது. உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் பாம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நீந்தும். அலகால் ஒரு குத்துக் குத்தினால் மீன் காலி. அதே ஏரியில் இருந்த சொர்ணம் என்ற கெண்டையின் பிள்ளைகளில் பாதியை மாசிலாமணிதான் தின்றிருந்தது. பெத்த வயிறு எரியாதா?

ஒருநாள் பறவை பார்க்கிறவர்கள் கேமராவோடு வந்தார்கள். மாசிலாமணி வழக்கம்போல மொட்டைக் கிளையில் உட்கார்ந்து, ஈர இறக்கையை விரித்துக் காயவைத்தது. "அடடா, அப்படியே இரு" என்றார்கள். அதுவும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக் காட்டியது. கிளையில் இருந்தவரை அது ஒரு மீனையும் குத்தவில்லை. சொர்ணம் இதைக் கவனித்துக்கொண்டது.

மறுநாள் கரையோரம் வந்து தலையை நீட்டியது.

"அண்ணே, உங்க இறக்கையப் பாக்கத்தான் இவ்வளவு பேரு வராங்க. மடக்கிட்டீங்கன்னா ஏமாந்து போயிடுவாங்க."

"பசிக்குதேம்மா."

"சாப்பிட்டா தொந்தி தெரியுமே."

மாசிலாமணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை பட்டினியாக விரித்தபடியே நின்றது. ஒருநாள் மயங்கிப் பொத்தென்று விழுந்தது. அதையும் படம் எடுத்தார்கள். போதுமடா சாமி என்று, ஆள் நடமாட்டமே இல்லாத வேறு ஏரிக்குப் பறந்துவிட்டது.

ஒழுங்கான கதை என்றால் இங்கே சொர்ணத்தின் புத்தியை மெச்சிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அடுத்த வாரமே ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. அலகுக்கு அடியில் மீனை வாரிப் போட்டுக்கொள்ளப் பெரிய பை. பிள்ளைகள் நடுங்கின.

"பயப்படாதீங்கடா. அம்மா எப்படிப் பேசுறேன்னு பக்கத்துல நின்னு பாருங்க" என்று சொர்ணம் குடும்பத்தோடு கிளம்பியது.

"அண்ணே, உங்க அழகப் பாக்கத்தான் எல்லாரும் வந்திருக்காங்க. கொஞ்சம் விரிச்சுக் காட்டுங்க."

கூழைக்கடாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "இறக்கையெல்லாம் சுமார்தாம்மா. எனக்கு அழகே வாய்தான்" என்று திறந்து காட்டியது. பிறகு, "பை காலியாத் தொங்குனா படத்துல நல்லா இருக்காதே" என்று கவலைப்பட்டது.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அருமையான படம் கிடைத்தது.

நீதி: ஒருவரைப் புகழ்வதற்கு முன், தன்னிடம் எது அழகென்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தள்ளி நின்று விசாரித்துக்கொள்ளவும்.