கல்வெட்டு சாரின் நன்னடத்தை

ஸ்ரீரங்கத்தில் பெருமாளை விட்டுவிட்டுச் சுவரைச் சேவித்த ஒரே மனிதர் எங்கள் கல்வெட்டு சார்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் சித்திரை வீதி மெஸ் மாடியில் அவரும் நானும் ஒரே அறை. பகலில் அவர் ரயில்வே குமாஸ்தா. சாயங்காலமானால் பிரகாரத்துச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டுவார். மருங்காபுரியிலிருந்து வந்த கூட்டமொன்று அங்கே ஏதோ சாமி இருக்கிறதென்று நினைத்து, அவருக்குப் பின்னால் வரிசை கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இது ஏதோ வாய்க்கால் தகராறு பற்றிய கல்வெட்டு என்று அவர் விளக்கியும், ஓர் அம்மாள் குங்குமம் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மனிதருக்கு ஒரே ஆசை, சரித்திரத்தில் எம்.ஏ. கையில் இருந்ததோ கணக்கு பி.ஏ. சரித்திர பி.ஏ. இருந்தால்தான் இடம் என்று சென்னைக் கல்லூரியில் கையை விரித்துவிட்டார்கள். இன்னொருவராக இருந்தால் விட்டது சனியன் என்று இருந்திருப்பார். இவர் மறுபடி பி.ஏ. எழுதினார். பரீட்சை ஹாலில் நுழைந்ததும், மேற்பார்வைக்கு வந்தவர் என்று பையன்கள் எழுந்து நின்றார்களாம்!

அதிலும் தேறி வந்தால், நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். அந்த வருஷம் தவறினால் வயது வரம்பு வேறு தாண்டிவிடும். பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் கேட்டார். பொறுமைசாலி, சண்டை சச்சரவு அறியாதவர் என்று நானும் தாராளமாக அளந்துவிட்டேன். படித்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏன் சார், போன வாரம்தானே ரசத்துக்காக மெஸ்காரரோட சண்டை போட்டேன்? நீங்களும் பாத்தீங்களே."

"அதையெல்லாம் எழுதினா சீட்டு கிடைக்குமா சார்?"

"பொய்ச் சாட்சியை எடுத்துக்கிட்டு சரித்திரம் படிக்கப் போகலாமாங்க?"

எனக்கு வந்ததே கோபம். ரசச் சண்டை, குறட்டை, அர்ச்சனை நடுவில் பட்டரிடம் மண்டபத்தின் வயசைக் கேட்டது, எல்லாவற்றையும் எழுதினேன். 'பொய் சொல்லத் தெரியாது. மற்றபடி சகிக்க முடியாதவர்' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன். திருப்தியாகத் தலையாட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறிவிட்டார். ரயில் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் முன்கோபத்தால் மனுஷன் கனவில் மண் விழுந்துவிடுமே!

சீட்டு கிடைத்துவிட்டது. திரும்பி வந்து அவரே சொன்னார். அங்கே பேராசிரியர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். இப்படி எழுதியிருக்கிறாரே, உங்களுக்கு விரோதியா என்று கேட்டாராம்.

"என்ன சார் சொன்னீங்க?"

"எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதர்னு சொன்னேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் இனி இந்த அறையில் இருக்கமாட்டார் என்ற துக்கம் அப்புறம்தான் வந்தது.