சால்னாவை நாய்க் கட்டத்தில் போட்டவர்

ஆவணி மூன்றாம் தேதி, மாலை ஐந்தே கால் மணி. மேகம் மிரட்டிவிட்டு மழையில்லாமல் கலைந்திருந்தது. அப்போதுதான் என் பரோட்டாக் கடைச் சால்னாவை 'நாய்' என்று அறிவித்தார் நாலுகட்டம்.

உலகத்தில் எதையும் நாலு கட்டத்துக்குள் அடைத்துவிடக் கூடியவர் அவர். பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லி, வேலை போய், மதுரைக்குத் திரும்பியவர். பார்த்த பெண்களையும் கட்டத்தில் போட்டதால் நாற்பத்து மூன்று வயதிலும் பிரம்மச்சாரி. ஒருமுறை பஞ்சர் கடைக்காரரிடம், "உங்க தொழிலோட கோர் காம்பிடன்ஸி என்ன?" என்று கேட்டார். அவர் நிமிராமல், "டயரக் கழட்டுறதுண்ணே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

நான் கருவூலத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தா. ஓய்வுப் பணம் முழுவதும் இந்தக் கடையில்தான். எதிரே ஏ.சி. ஓட்டல் திறந்ததும், தினம் வந்த 150 பேர் 112 ஆனார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. நாலுகட்டம் சால்னாவில் விரலைத் தோய்த்துத் தட்டிலேயே கட்டம் போட்டார். வளர்வது நட்சத்திரம், வளராமல் கறப்பது பசு, போகப் போகத் தெரிவது கேள்விக்குறி, எதற்கும் உதவாதது நாய், விரட்டிவிட வேண்டும். பரோட்டா பசு. முட்டைக் கொத்து நட்சத்திரம்.

"சால்னாவுல வருமானம் சைபர். செலவு அம்புட்டும் அதுலதான் சார்."

கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரியாகத்தான் வந்தது. மறுநாளிலிருந்து முதல் கரண்டி இலவசம், அடுத்த கரண்டி ஐந்து ரூபாய்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் வாடிக்கைக்காரர் ஒருவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சால்னாவுக்குக் காசா? பெரியவரே, நாங்க என்ன பரோட்டாவுக்கா வாரோம்?" எழுந்து போய்விட்டார். நான்காம் நாள் தலைகளை எண்ணினேன்: 38.

நாலுகட்டம் இனி இந்தப் பக்கம் வர மாட்டார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சால்னா வாளியோடு வாசலில் நின்றார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "தப்பு என்னோடதுண்ணே. காசு இல்ல. கேக்காமலே ஊத்துறேன், உள்ள வாங்க" என்றார். பழைய 112 திரும்பும்வரை இந்தக் கடையில் கை நனைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். எவ்வளவு வற்புறுத்தியும் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் அப்படியே ஊற்றினார். பத்தொன்பதாம் நாள் 114 பேர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இப்பச் சாப்பிடலாமா?" என்றார்.

இலை போட்டு நானே ஊற்றினேன். அவர் தின்ற எட்டுப் பரோட்டாவை எண்ணாமல் இருக்க முடியவில்லை, ஆனால் கணக்கில் எழுதவில்லை. அது போக, அவரால் எனக்கு ஆன நட்டம் மொத்தம் 7,240 ரூபாய்.