மச்சான் சொன்ன ஷூ

மல்லசமுத்திரம்,
திங்கட்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் மருதாசலம் அவர்களுக்கு, சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. சூரமங்கலத்தில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை சௌந்திரமும் மகள் பிரியாவும் சுகம். என் கால் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் கறுத்துவிட்டன. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் “சிக்னல் இல்லை” என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம். முழுவதும் படிக்கவும்.

விஷயம், தாங்கள் கொண்டுவந்த வரன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரி ஓட்டும் தனபால் வீட்டுப் பையன் கவின், பெங்களூரில் வேலை, தங்கமான குணம் என்றீர்கள். வீட்டுக்கு வருவார்கள், கேசரி கிண்டி வைக்கலாம் என்று இருந்தோம். பையனோ, கூடத்தில் உட்கார்ந்து பேசினால் ஒருவரை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது, இரண்டு பேருக்கும் மலையேற்றத்தில் ஆசை, ராசிபுரம் பக்கம் ஒரு கரட்டில், மரமில்லாத பாறைக் குன்றில், சந்திக்கலாம் என்று சொல்லி அனுப்பினான். பிரியா உடனே சரி என்றுவிட்டாள். பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று நானும் ஏறுவதாகச் சொன்னேன். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

பிரியா தன் ஷூவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அப்ரோச் ஷூ என்று அதற்குப் பெயராம். “அப்பா, நடக்கறதுக்கும் ஆகோணும், பாறையில ஏறவும் ஆகோணும், அதுக்குத்தான் இது. அடி ரப்பர் மெத்துனு, ஒட்டற மாதிரி இருக்கோணும். நுனியில டயர் மாதிரி கட்டை கட்டையா இல்லாம தட்டையா இருந்தாத்தான் சின்ன விளிம்புலயும் நிக்கும். சுத்தி ரப்பர் பட்டை இருந்தா கல்லுல ஒரசிக் கிழியாது. நாடா வெரல் வரைக்கும் இருக்குது பாருங்க, இறுக்கிக் கட்டுனா உள்ள கால் ஓடாது. உங்களுக்கும் ஒரு ஜோடி பாக்கலாம்.” தேய்ந்த டயர் லாரியை மலைப்பாதையில் ஏற்றச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. உங்களைக் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “மாப்ள, பொண்ணு பேச்சைக் கேக்காதீங்க. ரிக்குல வேலை செய்யறவங்க போடற ஷூ வாங்குங்க. முன்னால இரும்பு, அடியில ஆழமா கட்டை. கல்லே உழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.” முப்பது வருட ரயில்வே உத்தியோகத்தில் ஜங்ஷன் பிளாட்பாரத்தைத் தவிர வேறெதிலும் ஏறாத ஒரு மனிதரின் யோசனையை ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

கரட்டடிக் கோயிலில் சௌந்திரமும் தனபால் சம்சாரமும் காப்பி பிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் நான்கு பேர் ஏறினோம். படி இருந்தவரை மரியாதையாகத்தான் போயிற்று. படி முடிந்து சரிவான பாறை ஆரம்பித்ததும் உங்கள் ஷூ, ஆமாம், உங்கள் ஷூதான், எண்ணெய் தடவின தட்டில் வைத்தது மாதிரி நழுவத் தொடங்கியது. கட்டை கட்டையாக இருக்கிற கெட்டி ரப்பருக்குப் பாறையில் ஒட்டுகிற குணமே கிடையாதாம். குதிகால் உள்ளே ஏறி இறங்க, விரல் இரும்பில் போய் முட்ட, ஒரு திட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே எனக்கு முன்னாலேயே தனபால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பனிமலைக்குப் போடுகிற முழங்கால் உயரப் பூட்ஸ், மகன் வாங்கிக் கொடுத்தது.

“ஏனுங்க, உங்களுக்குக் கால் நிக்குதுங்களா?” என்றார்.

“நிக்கலீங்க.”

“எனக்கும் நிக்கலீங்க. கழட்டிட்டுப் பாக்கட்டுங்களா?”

கழற்றினார். ஒன்று கை நழுவி, துள்ளித் துள்ளி உருண்டு, கோயில் முன்னால் போய் விழுந்தது. ஒற்றைப் பூட்ஸ் மட்டும் தனியாக வந்து சேர்ந்தால் கீழே இருக்கிற பெண்கள் என்ன நினைப்பார்கள்? தங்கள் தங்கை போட்ட கூப்பாட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். “இருக்கோம், இருக்கோம்” என்று இருவரும் மேலிருந்து துண்டை ஆட்டினோம். அதை அவர்கள் உதவி கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டு, யாரோ தீயணைப்பு நிலையத்துக்கே போன் செய்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம், மச்சான். பிரியாவும் கவினும் அதற்குள் உச்சிக்கே போய்விட்டிருந்தார்கள். பாறை சுடுகிறது. வாய் உலர்கிறது. நகைச்சுவையாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கீழே பார்த்தபோது மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பட்டது.

பிரியா மேலிருந்து அந்தச் சரிவில் குறுக்கே நடந்து வந்தாள். ஓடவில்லை, தவழவில்லை, கூடத்தில் நடக்கிற மாதிரி வந்தாள். “உக்காந்து வராதீங்க அப்பா. எந்திரிச்சு நில்லுங்க, நின்னாத்தான் புடிக்கும்” என்றாள். நான் பாறையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்கு ஒரு அடி கீழே போய் நின்று, தன் பாதத்தைப் பாறையில் பதித்து, “என் ஷூ மேல உங்க காலை வைங்க” என்றாள். வைத்தேன். எண்பது கிலோ ஆள், இரும்புத் தலை ஷூ. அந்தப் பாதம் நூல் அளவு அசையவில்லை. ஒவ்வொரு அடியாக அப்படியே என்னை இறக்கிவிட்டு, திரும்பி ஏறிப் போய்த் தனபாலையும் கொண்டுவந்தாள். அந்த நேரம் முழுவதும் தாங்கள் சொன்ன தங்கம் மேலே நின்று, “லெப்ட்ல வைங்க, இன்னும் லெப்ட்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லோரும் கீழே இருந்தோம்.

காரில் வரும்போது, “என்ன சாமி, பையன் எப்படி?” என்று கேட்டேன்.

“நல்லவர்தானுங்க அப்பா. ஆனா வேண்டாம். ஏறயில ஒவ்வொரு அடிக்கும் எங்க கால் வைக்கோணும்னு எனக்குச் சொல்லிட்டே வந்தாரு. வழுக்குனது அவரு ஷூ. அப்பவும் நிறுத்தலை.”

அவள் மேல் தப்பு இல்லை, பையனும் கெட்டவன் இல்லை. அதனால்தான் கோபம் முழுவதும் உங்கள் மேல் வருகிறது. ஆகவே தெளிவாக எழுதுகிறேன். இனி நீங்கள் வரன் கொண்டுவர வேண்டாம். ஷூ பற்றியோ கால் பற்றியோ ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்தத் தனபால் குடும்பத்தின் முகத்தில் இனி நான் விழிக்கப் போவதில்லை. எந்தக் கரட்டையும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். ஆடிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதாக இருந்தால் வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும்போது தனபால் போன் செய்தார். “பசங்க வேண்டாம்னா போனாப் போச்சாதுங்க. மேல என்ன இருக்குதுன்னு நாம பாக்கவே இல்லீங்களே” என்றார். நியாயம்தான் என்று பட்டது. சேலத்தில் பாறைக்கு ஏற்ற ஷூ விற்கிற கடை ஒன்றைப் பிரியா சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை நானும் அவரும் போகிறோம், ஞாயிறு திரும்ப ஏறுகிறோம். சௌந்திரத்திடம் இரண்டு நாளும் உங்களைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால், நாங்கள் இருவரும் உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம் என்று சொல்லவும். உங்கள் ஷூ அளவு எட்டா, ஒன்பதா?