கடைசிப் புள்ளியில் வந்த குளவி

அதிகம் பேசாத மனிதனால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று பொதுவாக நினைக்கிறார்கள். தப்பு. நாள் முழுக்கப் பேசுகிறவன் எவ்வளவு உளறினாலும் யாரும் கவனிப்பதில்லை. என்னைப் போல வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கிறவன்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பான்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு ரோலர் மெஷினில் வேலை. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்குமா? பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமுங்களா?" என்று என் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களாம்.

அந்தப் பெண்தான் புஷ்பம். சின்ன வயதில் கொழுந்து பறித்தவள்; பிறகு விளையாட்டு டீச்சர் ஆனவள். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருந்த துண்டு நிலத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கரப்பந்து, அதாவது வாலிபால், பழக்க ஆரம்பித்தாள். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவது என் வேலை. ("பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்குப் பந்து?" என்று கேட்டவர்கள், அடுத்த மாதமே தங்கள் மகள்களையும் அனுப்பினார்கள். அது வேறு கதை.) பள்ளிக்கூட அணி, மாகாண அணி என்று ஏறி ஏறி, கடைசியில் நாட்டின் முதல்தரப் பெண்கள் போட்டியில் ஆடும் ஒரு கழகத்துக்கே பயிற்றுவிப்பாளர் ஆகிவிட்டாள். அந்த வேலையில் அவளுக்கு முன்னால் ஒரு பெண்ணும் இருந்ததில்லை.

எனக்கும் பதவி உயர்வு கிடைத்தது. தண்ணீர்ப் போத்தல் தூக்கும் பதவி. முதல் போட்டியில் நடுவர் அவளைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, "வணக்கம் கோச்" என்று கைகொடுத்தார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டேன். பாதி ஆட்டம் வரை அவர் என்னிடமே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழகத்து மெனேஜர் புஷ்பத்தை ஒரு வருடப் பரீட்சையாகத்தான் எடுத்திருந்தார். எங்கள் பிள்ளைகள் உயரமாக வரும் பந்தை அடித்து நொறுக்குவார்கள். தாழ்வாக வரும் பந்து என்றால் வேடிக்கை பார்ப்பார்கள். "குனிங்கடி! தரைக்குப் போங்கடி!" என்று கத்திக் கத்தியே புஷ்பத்தின் தொண்டை கட்டிவிட்டது. கடைசிப் போட்டி வந்தபோது மெனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: வென்றால் புஷ்பம் தொடரலாம்; தோற்றால் கொழும்பிலிருந்து ஒரு ஆண் பயிற்றுவிப்பாளர் வருவார்.

போட்டி நுவரெலியாவில், திறந்த மைதானத்தில். அந்த வாரம்தான் எங்கள் தோட்டத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டி, நாலைந்து பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. "கொளவி" என்று சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இருந்த இடத்திலேயே குப்புற விழுந்து, தலையை மூடி, மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும்.

ஆட்டம் கடைசிச் செட் வரை இழுத்தது. நாங்கள் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிரணிப் பெண் பந்தை மேலே போட்டு அடித்தாள். அந்த அமைதியில் என் தலைக்கு மேலே "ங்ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரம்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. (சட்டம் அப்படி.) தண்ணீர்ப் போத்தல்களை வீசிவிட்டு, நாற்பத்து மூன்று வருடமாக உள்ளே கிடந்த குரல் அத்தனையையும் திரட்டி அலறினேன்.

"கொளவீ! எல்லாரும் படுங்க!"

எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே நொடியில் தரையில் கிடந்தார்கள். ஆறாவது பிள்ளை நிமாலி, சிங்களப் பிள்ளை, ஒன்றும் புரியாமல் சுற்றிப் பார்த்தாள். எல்லாரும் படுத்திருப்பதைப் பார்த்து அவளும் படுத்துவிட்டாள். பந்து வந்து நடுவில் விழுந்து, ரெண்டு தரம் குதித்து, கவிதாவின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. கவிதாதான் அணித் தலைவி.

"டீச்சர், போயிருச்சா?" என்று தரையோடு தரையாகக் கேட்டாள்.

"பேசாம படுடீ!" என்று கோட்டுக்கு வெளியே தரையிலிருந்து பதில் வந்தது. புதிய டிராக்சூட்டோடு, விசில் சேற்றில் புதைய, பயிற்றுவிப்பாளரும் குப்புறக் கிடந்தார்.

மேலே பறந்தது குளவி இல்லை. ஆட்டத்தைப் படம்பிடிக்க எவனோ அனுப்பிய ட்ரோன். அது எங்கள் எல்லாரையும் நிதானமாக, நாலு பக்கத்திலிருந்தும் படம்பிடித்தது.

கத்தியவன் எங்கள் ஆளே என்பதால் நடுவர் புள்ளியை அவர்களுக்கே கொடுத்தார். அதன்பிறகு எங்கள் பிள்ளைகளுக்குப் பாதி அழுகை, பாதி சிரிப்பு. தோற்றுவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் நானுஓயா தாண்டும்வரை புஷ்பம் டிராக்சூட்டில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணமான நாள்லருந்து சொல்றேன், வாயத் தொறந்து பேசுங்க, வாயத் தொறந்து பேசுங்கன்னு."

நான் தலைகுனிந்தேன்.

"இனிமே சொல்ல மாட்டேங்க."

இரண்டு நாள் கழித்து மெனேஜர் எங்கள் இருவரையுமே கூப்பிட்டார். சிங்களவர். கொஞ்சம் தமிழ் பேசுவார். ஃபோனில் அந்த வீடியோவை ஓடவிட்டு மேசையில் வைத்தார்.

"டீம் படுத்தது. சரி. கோச்சும் ஏன் படுத்தது?"

"நானும் கொழுந்து பறிச்சவதானே சேர்," என்றாள் புஷ்பம். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

மெனேஜர் என் பக்கம் திரும்பினார். "குளவி வந்தா என்னதான் செய்யிறது? நீங்க சொல்லுங்க."

தமிழிலும் சொல் வரவில்லை, சிங்களத்திலும் வரவில்லை. மனைவியின் வேலை என் நாக்கில் தொங்குகிறது. நாக்கு அசைய மறுக்கிறது. வேறு வழியில்லாமல் தொபுக்கென்று அவர் அறைத் தரையிலேயே குப்புற விழுந்து காட்டினேன்.

மேசை மறைத்ததால் நான் திடீரென்று காணாமல் போய்விட்டேன். "அய்யோ, ஆள் எங்கே?" என்று மெனேஜர் பதறி எழுந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

புஷ்பம் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சேர், இந்தத் தொப்பைய வச்சிக்கிட்டு இவரே எவ்வளவு வெரசா கீழ போறாரு பாத்தீங்களா? தாழ்ந்த பந்துக்குக் கீழ போகாமத்தானே நாம தோத்துக்கிட்டே இருந்தோம்? அன்னைக்கி ஆறு பேரும் கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள தரைக்குப் போயிட்டாங்க. அவங்களுக்குப் போகத் தெரியும் சேர். நான்தான் அவங்களுக்குப் பழகாத வார்த்தையில கத்திக்கிட்டு இருந்திருக்கேன். இன்னும் ஒரு வருசம் குடுங்க."

மெனேஜர் கண்ணைத் துடைத்தார். "ஒரு வருசம். ஆனா இந்த அண்ணன் கத்தக் கூடாது."

(எனக்கு இதைவிடச் சுலபமான நிபந்தனையை யாரும் போட்டதில்லை.)

அடுத்த வருடம் எங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் தாழ்ந்த பந்து ஒன்று தரையில் விழுவதே அபூர்வமானது. "கொளவி!" என்று புஷ்பம் ஒரு குரல் கொடுத்தால் போதும், தரையைத் தடவிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்து மேலே அனுப்பிவிடுவார்கள். கிண்ணமும் வந்தது. இப்போது அவள் தேசிய அணியைப் பழக்குகிறாள். காலியிலிருந்தும் குருணாகலிலிருந்தும் வந்த பிள்ளைகள், வாழ்க்கையில் ஒரு குளவிக் கூட்டையும் பார்க்காதவர்கள், அதே வார்த்தையைக் கத்துகிறார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கத்துகிறவள் நிமாலி. டீவியில் ஒருவர் இதை ஏதோ வெளிநாட்டு உத்தி என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் லயமே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் இன்றும் எல்லாப் போட்டிக்கும் போகிறேன், தண்ணீர்ப் போத்தலோடு. ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பயிற்றுவிப்பாளர்களும் தங்கள் அணியைக் கூட்டி வைத்துப் பேசுவார்கள். புஷ்பம் முதலில் என்னிடம் வருவாள். "ஆ காட்டுங்க," என்பாள். பிள்ளைகள் எல்லாரும் கைதட்ட, என் வாயில் ஒரு பெரிய டொபி மிட்டாயை வைத்து அடைப்பாள்.

ஆட்டம் கடைசிச் செட்டுக்குப் போனால் இரண்டு.