வெள்ளைக்காரச் சாமிக்குச் சூடம் காட்டிய கதை

கூச்சப்படுகிறவர்களை நம்பவே கூடாது. வாழ்நாள் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒருநாள், போகாத இடத்துக்குப் போய், மைக்கில் கொட்டிவிடுவார்கள். நான் கொட்டியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

என் கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. கல்யாண வீட்டில் ரசம் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வந்தவள் நான். கிளினிக்கில் டாக்டர் "என்னா செய்யுது?" என்று கேட்டால் பதிலுக்கு மகளின் முகத்தைப் பார்ப்பேன். வாடகைக் கார்க்காரர் தப்பான சந்தில் திரும்பினால்கூட வாயைத் திறக்க மாட்டேன். (ஒருமுறை கிள்ளான் பாசாரில் மீன் வாங்கப் புறப்பட்டு ஷா ஆலம் வரைக்கும் போய்வந்தேன். நல்ல ஊர்.)

என் கடைக்குட்டி தர்ஷினி அப்படி இல்லை. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கம்பெனியில் வேலை. லோரிக்காரர்களையே அதட்டிப் பேசுவாள். அவள் அப்பா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். வேலை முடிந்து வந்ததும் ஹாலில் உட்கார்ந்து, தரையில் விரிக்கிற ஸ்பாஞ்சுப் பாயை வெட்டுவாள், சூடு காட்டி வளைப்பாள், பசை போட்டு ஒட்டுவாள். வீடு முழுக்கப் பசை வாடை. என்ன செய்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. துணிக்கொடியில் என் கைலிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி முழங்கை தொங்கும். பாத்திரம் கழுவப் போனால் அங்கே ஒரு தோள்பட்டை காய்ந்துகொண்டிருக்கும்.

"யாருக்குடி இந்தக் கையும் காலும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

நான் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து கதை சொன்னாள். வெள்ளைக்காரர் நாட்டில், ராஜாக்கள் கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தில், ஒரு குதிரை வீரர் இருந்தாராம். பெயர் சர் என்னவோ. என் வாயில் நுழையவில்லை, நான் 'சர் ஐயா' என்று வைத்துக்கொண்டேன். ஒரு பாலத்தைக் காவல் காக்கிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாராம். ராஜா ஓடிப் போனார், படை ஓடிப் போனது, சர் ஐயா மட்டும் ஓடவில்லை. அவர் சாகவும் இல்லை, ஒரு மலைக்கு அடியில் இன்னும் தூங்குகிறார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். தர்ஷினியும் அவளுடைய சிநேகிதி மெய் லிங்கும் அந்தப் பழங்கதையை எடுத்து, மந்திரவாதி ஒருத்தி வட்டம் போட்டு அவரை வேறு உலகத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி நாடகமாக்கியிருந்தார்கள். மெய் லிங் மந்திரவாதி. என் மகள் சர் ஐயா.

"எழுந்து வந்ததும் 'என்னை அழைத்தது யார், உனக்கு என்ன தேவை'ன்னு கேப்பாரும்மா. கூப்பிட்டவங்க பதில் சொல்லணும். சொல்லலன்னா அவரால திரும்பிப் போவ முடியாது. அப்படியே நின்ன எடத்துல கல்லாயிடுவாரு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "ஐயோ பாவம்" என்றேன்.

இது நல்லபடியாக இருந்த சமயம். அதற்கப்புறம் ரவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தர்ஷினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். விரலெல்லாம் பசை. தலைமுடியில் ஸ்பாஞ்சுத் துண்டு. மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் உட்காரப் போய், அங்கிருந்த சர் ஐயாவின் வெட்டரிவாள் நீளத்து ஸ்பாஞ்சுக் கத்தியைப் பார்த்து எழுந்துவிட்டார். மறுநாள் தரகரிடமிருந்து போன் வந்தது. பெண் நல்ல பெண்தானாம், ஆனால் வீட்டில் ஆயுதம் இருக்கிறதாம்.

அன்றைக்கு மகளிடம் கத்தினேன். "இந்தக் குப்பையெல்லாம் தூக்கிப் போடுடி!"

அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "வர்ற சனிக்கிழமை கே.எல்.ல வேஷப் போட்டி. ஜெயிச்சா ஜப்பானுக்கு அனுப்புவாங்க. நீங்க ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டும் குப்பைன்னு சொன்னீங்கன்னா நானே தூக்கிப் போட்டுடறேன். சத்தியமா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் சாப்பிட்டாயா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கோலாலம்பூருக்குக் கமூட்டர் ரயிலில் புறப்பட்டோம். சர் ஐயா இரண்டு பெரிய பைகளில் வந்தார். கத்தி மட்டும் பைக்குள் அடங்காததால் என் பாத்தேக் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா, கைக்குழந்தை என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டு வேறு இடம் போய் உட்கார்ந்தார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். சூடமும் தீப்பெட்டியும் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். என்ன கோபம் இருந்தாலும் அத்தனை பேர் கண்ணும் என் பிள்ளைமேல் படப் போகிறதே, முடிந்ததும் ஓரமாய்க் கூட்டிப்போய்த் திருஷ்டி கழிக்கலாம் என்றுதான் வாங்கினேன். வேறு எண்ணம் எனக்கு இல்லை. (இதைப் பாதுகாவலரிடமும் பிறகு சொன்னேன்.)

மண்டபத்தில் எங்கே பார்த்தாலும் கொம்பு வைத்தவர்கள், வால் வைத்தவர்கள், நீலத் தலைமுடிக்காரர்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டுத் தர்ஷினி போய்விட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த டிராகன், "ஆன்டி, நல்லா தெரியுதா?" என்று தமிழில் கேட்டு, தன் இறக்கையை மடக்கிக்கொண்டது. நல்ல பிள்ளை.

பிறகு விளக்கை எல்லாம் அணைத்தார்கள்.

மேடையில் ஒரு வட்டம் மட்டும் நீலமாக எரிந்தது. மெய் லிங் கறுப்பு அங்கியில் வந்து கையை உயர்த்தி என்னவோ சொன்னாள். வட்டத்துக்குள்ளிருந்து புகை கிளம்பியது. புகைக்குள் ஏதோ அசைந்தது. முதலில் தலைக்கவசம், பிறகு தோள், பிறகு மார்பு. மண்டியிட்டிருந்த ஒருவர் மெல்ல, மெல்ல, மலையே எழுந்திருப்பதுபோல் எழுந்து நின்றார்.

அந்தத் தோளை நான் அறிவேன். என் வீட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் காய்ந்த தோள்தான். அந்த முழங்கை என் கைலிக்குப் பக்கத்தில் தொங்கிய முழங்கைதான். ஆனால் அங்கே நின்றது என் வீட்டுச் சாமான் இல்லை. வெளிச்சம் அந்த வெள்ளிமேல் விழுந்து வழிந்தது. முகம் மூடியிருந்தது. கண் இருக்கும் இடத்தில் இருட்டு. அந்த இருட்டு என்னைப் பார்த்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லோரி ஓட்டியவர். கிள்ளானில் எங்கள் முனீஸ்வரர் கோயிலில் அவர்மேல்தான் சாமி இறங்கும். இறங்குமுன் ஒரு அமைதி வரும் பாருங்கள், குழந்தைகூட அழாது. அதற்கப்புறம் அங்கே நிற்பவர் என் அண்ணன் இல்லை. உடம்புதான் அவருடையது. "யாரு கூப்டது?" என்று சாமி கேட்கும். வீட்டார் யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும். கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்பது பெரிய அபசாரம். எங்கள் வீட்டில் அண்ணிதான் பதில் சொல்வார். நான் தூணுக்குப் பின்னால் எலுமிச்சம்பழத்தோடு நிற்பேன்.

அதே அமைதி இந்த மண்டபத்தில் வந்தது.

சர் ஐயா கேட்டார். இடி உருண்டதுபோல் குரல். (மைக்கில் ஏதோ கருவி வைத்திருந்தார்களாம்.) கேட்டது இங்கிலீஷில்தான். என்ன கேட்கிறார் என்று எனக்குத்தான் தெரியுமே.

மெய் லிங் பதில் சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினாள். வரவில்லை. சர் ஐயா மறுபடியும் கேட்டார். மெய் லிங் மைக்கை உலுக்கினாள். கூட்டத்தில் சலசலப்பு. சர் ஐயா இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அசையாமல் நின்றார்.

கல்லாகப் போகிறார் என்று நினைத்தேன். என் பிள்ளையின் உடம்போடு கல்லாகப் போகிறார்.

எழுந்துவிட்டேன். "நான்தான் கூப்பிட்டேன் சாமி!"

மேடைக்குக் கீழே நின்ற அறிவிப்பாளர், பூனைக் காது வைத்த பையன், இதுவும் நாடகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து ஓடிவந்து என் வாயருகே மைக்கை நீட்டினான்.

சர் ஐயா தலையை மட்டும் திருப்பினார். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். (உள்ளே தனக்கு மயக்கமே வந்துவிட்டது என்று தர்ஷினி பிறகு சொன்னாள்.) பிறகு தமிழில் கேட்டார்: "உனக்கு என்ன தேவை?"

அதுவரைக்கும் ஏதாவது பதில் சொல்லி அவரைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் சாமி என்ன வேண்டும் என்று கேட்கும்போது, மனதில் இருப்பதுதானே வாயில் வரும்?

"எம்பொண்ணு தர்ஷினிக்கு முப்பது ஆவப் போவுது சாமி. வர்ற வரனெல்லாம் தட்டிப் போவுது. கல்யாணம் எப்ப ஆவும்? நீங்கதான் வாக்குச் சொல்லணும்."

மண்டபம் முழுக்க என் குரல் சுற்றி வந்தது. பூனைக்காதுப் பையனுக்குத் தமிழ் தெரியாது. "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கூட்டத்தைக் கேட்டான். பக்கத்து டிராகன் எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது. கொம்பு, வால், நீல முடி எல்லாம் சேர்ந்து சிரித்தது. கூரை அதிர்ந்தது.

சர் ஐயா கத்தியை உயர்த்தினார். சிரிப்பு அப்படியே நின்றது.

"சொல்கிறேன், கேள். அவளாக வந்து சொல்லும்வரை இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதே. அவளிடமும் கேட்காதே. இது என் கட்டளை. சம்மதமா?"

வீட்டில் "சோறு போடுங்கம்மா" என்று பேச்சுத் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளை. அவள் வாயில் அப்படி ஒரு தமிழை நான் கேட்டதே இல்லை.

"சம்மதம் சாமி" என்றேன். கண்ணில் தண்ணீர்.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. ஆனால் வாக்குச் சொன்ன சாமியைச் சும்மா விட்டுவிட முடியுமா? முறைப்படி மலையேற்ற வேண்டாமா? செருப்பைக் கழற்றினேன். மேடை ஏறினேன். எலுமிச்சம்பழத்தின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தி, சர் ஐயாவுக்கு முன்னால் சுற்றினேன். "மலையேறு சாமி, மலையேறு!"

ஸ்பாஞ்சும் பசையும் எப்படிப் பற்றும் என்பது அந்த மேடையில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. சர் ஐயா ஒரு அடி பின்னால் வைத்தார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். "மக்சிக்! ஜாங்கான், மக்சிக்!" என்று, வேண்டாம் அம்மா என்று மலாயில் அலறிக்கொண்டு பாதுகாவலர் தீயணைக்கும் சிலிண்டரோடு பாய்ந்து வந்தார். புஸ்ஸென்று வெள்ளைப் பொடி. சூடம் அணைந்தது. நான் வெள்ளை. மெய் லிங் வெள்ளை. சர் ஐயா உச்சியிலிருந்து பாதம்வரை வெள்ளை, ஒரு மூட்டை திருநீற்றைக் கவிழ்த்ததுபோல்.

கவசத்துக்குள்ளிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு, "அம்மா! ஏம்மா இப்படி? ஐயோ அம்மா!"

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. சாமி நல்லபடியாக மலையேறிவிட்டது.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நடுவர்கள் மட்டும் தட்டவில்லை. மேடையில் நெருப்பு வைத்த குழுவுக்குப் பரிசு கிடையாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மெய் லிங் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்டி, பரவால்ல லா. என் மைக் செத்துப் போச்சு, நீங்க பேசுனீங்க" என்றாள். என் பழைய கூச்சம் எனக்கு முன்பே மேடையிலிருந்து இறங்கிவந்து காத்துக்கொண்டிருந்தது.

திரும்பும் ரயிலில் தர்ஷினி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுமடலில் இன்னும் வெள்ளைப் பொடி. ஜப்பான் போயிற்று. என்னால் போயிற்று. ஷா ஆலம் தாண்டும்போது, திரும்பாமலே கேட்டாள்.

"குப்பையாம்மா?"

"குப்பைக்கு யாராச்சும் சூடம் காட்டுவாங்களாடி?" என்றேன்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழவும் செய்தாள். கிள்ளான் வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை, கடைசி நிலையம் வரைக்கும் போய் இறங்கினோம்.

சர் ஐயா இப்போது எங்கள் ஹாலில் நிற்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் தூசி தட்டுகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அடித் தொண்டையில் "என்னை அழைத்தது யார்?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அண்ணன்தான் ரொம்ப மோசம். தரகர் போன் செய்தால் நான், "உத்தரவு இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். கொடுத்த வாக்கு வாக்குதான். "அது நான் சும்மா அடிச்சு விட்டதும்மா" என்று தர்ஷினி சொல்கிறாள். என் அண்ணனும் விடிந்தால் அப்படித்தான் சொல்வார், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று.

போன தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். தர்ஷினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "அம்மா, நானா ஒரு விஷயம் சொல்லணும்."

எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகியது. நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை.

"சர் ஐயாவுக்கு ஒரு குதிர செய்யப் போறேன். முழு சைஸ். ஹால்ல எடம் வேணும்."

நான் சோபாவை விற்றுவிட்டேன். அன்றைக்கு வந்த அண்ணன் தரையில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி, "மனுசன் ஒக்கார எடமில்ல, இந்த வீட்டுக்குக் குதிர எதுக்கு தங்கச்சி?" என்றார்.

"நல்லா இருக்கே அண்ணே," என்றேன், "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தவரு, நடந்தா திரும்பிப் போவாரு?"