ஆப்பு தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

தனிக்குடித்தனம் போகிறவர்கள் பாயைப் பற்றி யோசிப்பார்கள், பானையைப் பற்றி யோசிப்பார்கள். விறகைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. (அந்த வயதில் எதைப் பற்றியாவது யோசித்தேனா என்பதே சந்தேகம்.)

கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்கார துரை இருந்த காலம் அது. கல்யாணமானதும் மாமியார் வீட்டில்தான் இருந்தேன். எனக்கும் அத்தைக்கும் எல்லாச் சண்டையும் அடுப்படியில்தான் தொடங்கும்.

"நீ ஒரு ரசத்துக்கு எரிக்கிற வெறகுல நான் ஒரு வாரம் ஆக்கிப் போடுவேன்டி" என்பார் அத்தை.

ஒருநாள் எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "எங்க வெறக நாங்களே வெட்டிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, என் கணவர் வேலுவை இழுத்துக்கொண்டு அதே லயத்தின், அந்த வீட்டு வரிசையின், கடைசிக் காம்பராவுக்குக் குடிபோனேன். அத்தை வாசலில் நின்றால் எங்கள் வாசல் தெரியும். (கோபித்துக்கொண்டு போவதற்கு அதைவிடத் தூரத்தில் காம்பரா காலி இல்லை.)

மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் இருந்ததெல்லாம் ஈர மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகள். அதை மூட்டினால் புகை வரும், கண்ணீர் வரும், சோறு மட்டும் வராது. அத்தை வாசலில் நின்று எங்கள் புகையைப் பார்த்து, "ரயிலு கெளம்பிருச்சு" என்று லயத்துக்கே கேட்கும்படி சொல்வார். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அடுப்படிக்குத்தான் போயாக வேண்டும். அதைவிட நான் பச்சை அரிசியைத் தின்னத் தயாராக இருந்தேன்.

அந்த நேரத்தில் லயத்துக்கு மேலே இருந்த யூகலிப்டஸ் காட்டில், காற்றில் ஒரு பெரிய மரம் விழுந்தது. மேல்பாதியை ஃபேக்டரிக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். அடித்துண்டு மட்டும், மலைச்சரிவில் நேராக இறங்கும் பெரிய கானுக்குள், அந்த மழைநீர் வாய்க்காலுக்குள், நீளவாக்கில் படுத்துக் கிடந்தது. "வேணுங்குறவங்க எடுத்துக்கங்க" என்று தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டார். வேண்டும் என்று கை தூக்கியது நாங்கள் மட்டும்தான். அப்போதாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் காம்பரா கருப்பையா அண்ணனிடம் கெஞ்சி, மரம் அறுக்க இரண்டு பேர் இழுக்கும் பெரிய வாள், கோடாலி, அலவாங்கு என்கிற கடப்பாரை, இரண்டு இரும்பு ஆப்பு எல்லாம் வாங்கினோம். "வாளு மாட்டிக்கிச்சுன்னா வெட்டுவாயில ஆப்ப அடிங்க, தெறந்துக்கும். ஆப்பத் தொலைச்சிராதீங்க" என்றார் அண்ணன்.

"நான் பத்திரமா பாத்துக்குறேண்ணே" என்றேன். பார்த்துக்கொண்டேன். காட்டுக்குள் போனதும் முதல் வேலையாக ஆப்பு இரண்டையும் ஒரு பெரணிச் செடிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.

கானுக்கு இரண்டு கரையிலும் நின்று வாளை இழுத்தோம். நான் இழுக்கும்போது இவரும் இழுத்தார், நான் விடும்போது இவரும் விட்டார். எப்படியோ பாதி மரம் வரை வாள் இறங்கி, அப்படியே மாட்டிக்கொண்டது. முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை.

"ஆப்ப எடு."

நான் திரும்பிப் பார்த்தேன். மலை முழுக்கப் பெரணி.

"எங்கடி வச்ச?"

"பெரணிக்குப் பக்கத்துலங்க."

"எந்தப் பெரணி?"

"பச்சையா இருந்துச்சே, அது."

இவர் மர ஆப்பு செய்யலாம் என்று ஒரு கிளையை வெட்டக் கோடாலியை ஓங்கினார். காம்பு கையிலேயே இருந்தது. இரும்பு மட்டும் தனியாகப் பறந்து பள்ளத்தில் எங்கேயோ போய் 'தொப்' என்றது. இவர் வெறும் காம்பை வைத்து இன்னும் ஒருமுறை வெட்டினார். (பழக்க தோஷம்.)

கடைசியில் இவர் குதிரையில் ஏறுவதுபோல் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். வாளின் இரண்டு கைப்பிடியும் சைக்கிள் ஹேண்டில் மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் பிடித்து ஆட்டிக்கொண்டே, "ஆப்பு மாதிரி ஒரு கல்லாவது தேடிக் குடுடி" என்றார்.

தேடினேன். கான் ஓரமாகவே இறங்கிப் போய்ப் பார்த்தால், மரத்தின் கீழ்முனைக்கு அடியில் அப்படியொரு கல்! ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, கடவுளே உட்கார்ந்து செதுக்கின ஆப்பு. அது ஏன் சரியாக மரத்துக்கு அடியில் சொருகி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கரையில் நின்றபடி அலவாங்கைக் கொடுத்து நெம்பினேன். மழையில் ஊறிய மண், பொலபொலவென்று விட்டது. கல் என் காலடிக்கு உருண்டு வந்தது. அலவாங்கை உள்ளேயே விட்டுவிட்டுக் கல்லைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"என்னங்க, கெடச்சிருச்சு!"

இவர் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

மரம் சேற்றில் வழுக்கிக்கொண்டு கானோடு போனது. அதன்மேல் ஹேண்டிலைப் பிடித்தபடி என் கணவர். முதலில் மெதுவாகத்தான் போனார். ஏதோ சொல்லவும் வாயைத் திறந்தார். பிறகு தேயிலைச் செடிகளுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை, "அய்யோ" மட்டும் கேட்டது.

நான் கல்லோடு ஓடினேன். (கீழே போட்டுவிட்டு ஓடலாம் என்று யார் நினைத்தார்கள்?)

லயத்துப் பக்கம் வரும்போது அந்தக் கான் வளைந்து திரும்பும். மரத்துக்குத் திரும்பத் தெரியவில்லை. நேராகக் கரையேறி, அத்தை முட்டைக்கோஸ் போட்டிருந்த கோவாப் பாத்தியை உழுது, கோழிகளைக் கூரைக்கு ஏற்றி, அவர் வாசற்படியில் மூக்கை வைத்து நின்றது. அத்தை படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். உச்சி முதல் பாதம் வரை சேறாக, ஹேண்டிலை விடாமல், கோபித்துக்கொண்டு போன மூத்த மகன் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாப்பா?" என்றார் அத்தை. "கால கழுவிட்டு வா, சோறு போடுறேன்."

அப்போதுதான் மூச்சிரைக்க நான் வந்து சேர்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். என் மார்பில் இருந்த கல்லைப் பார்த்தார்.

"அது என்னாடி, சீதனமா?"

லயமே சிரித்தது. இவருக்குச் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றைக்கு நானும் அத்தை வீட்டில்தான் சாப்பிட்டேன். பசியில் ரோஷம் எங்கே போனது என்று தேடவும் இல்லை. பச்சை மரம் எரியாது என்று அத்தை சொல்லிவிட்டதால், மழைக்காலம் முடியும்வரை சாப்பாடு அங்கேயே என்றாகிவிட்டது. கருப்பையா அண்ணன் வந்து வாளைக் கழற்றிப் பார்த்தார். அது கோழியிறகு மாதிரி வளைந்திருந்தது. "இனிமே சும்மா ஒரு கட்டு வெறகு கேளும்மா, நானே வெட்டித் தாறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

என் கணவர் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம், தான்தான் அதை ஓட்டிவந்ததாகவும், அம்மா வாசலில் பிரேக் போட்டு நிறுத்தியதாகவும் சாதிக்கிறார்.

எங்கள் மூத்த மகளைப் பெண் பார்க்க டிக்கோயாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கு, "பொண்ணு வீட்டு வேலையெல்லாம் செய்யுமுங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"எல்லாம் செய்யுமுங்க. அம்மாவ மாதிரியே. வெறகுக்குப் போனா மட்டும் நீங்க கொஞ்சம் வாசல விட்டுத் தள்ளி ஒக்காந்துக்கங்க."